அக்காவின் போசியும் நண்டு ஓடும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூரில், கணபதி பகுதியில், என் அக்கா வீட்டு மாடியில் குடியிருந்த ஞானமணி, ரோஸ்லின் என்ற இளம் தம்பதியை அந்த வீட்டைவிட்டு வெளியேற்றியது என் நண்டு ஓடுகள்தான். ஓடுகளை வேகவைத்தவன் நான். மிச்சத்தை அவர்களுடைய குப்பைக் கூடையில் கொட்டியவன் நான். "இது யாரு வேலைடா?" என்று அக்கா கேட்டபோது, "எனக்கென்னக்கா தெரியும்" என்று சொன்னவனும் நான். புரட்டாசி மாதத்தில் நண்டு சமைத்தார்கள் என்பது அவர்கள்மேல் வந்த குற்றச்சாட்டு. ரோஸ்லினுக்கு அப்போது ஏழாம் மாதம்.

ஜெர்மனியின் வடகடலோரத் துறைமுக ஊர் ஒன்றிலிருந்து உங்களுக்கு நான் எழுதிவரும் குறிப்புகளில் பனி, ரொட்டி, ரயில் தாமதம், என் ஓய்வூதிய அலுவலகத்தின் அட்டூழியம் எல்லாம் வந்துவிட்டன. இது மட்டும் வரவில்லை. வராமல் பார்த்துக்கொண்டேன்.

2

இந்த வருடம் பனி கரையத் தொடங்கிய ஒரு காலையில் ஹவுஸ்மைஸ்டர் என் கதவைத் தட்டினார். எங்கள் குடியிருப்பைப் பராமரிக்கும் மனிதர் அவர். பல்பு மாற்றுவார், பனி தள்ளுவார், யார் குப்பையை எந்தத் தொட்டியில் போடுகிறார்கள் என்பதைக் கடவுளைப் போலக் கவனிப்பார்.

படிக்கட்டு முழுவதும் நாற்றம், புகார் வந்திருக்கிறது என்றார். சொல்லும்போதே என் தோளுக்கு மேலாக அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தார். நான் ஜாம் தடவிய ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அன்று என் அடுப்பில் பால்கூட ஏறவில்லை. "நான் இல்லை" என்றேன். "யாரையும் குற்றம் சொல்லவில்லை" என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார். ஜன்னலை எப்படித் திறப்பது என்று படம் போட்டு விளக்கிய தாள். ஜெர்மானியர்களுக்கு ஜன்னல் திறப்பது தனியாகப் படிக்க வேண்டிய ஒரு பாடம். இத்தனை வருடத்தில் அந்தத் தாள் எனக்கு வந்து சேர்வது முதல் முறையும் அல்ல.

அப்போது கீழ்த்தளத்து அம்மாள் ஃப்ராவ் லெம்கே தன் நாயோடு படியேறி வந்தார். என்னைவிட மூத்தவர். என்ன விஷயம் என்று கேட்டார். ஹவுஸ்மைஸ்டர் சொன்னார். "அது என்னுடையது. நாய்க்கு மாட்டுக் குடல் வேகவைத்தேன்" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த தாளைத் தானே வாங்கிக்கொண்டு போய்விட்டார். நாய் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தது.

இரண்டே வாக்கியம். நான் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். முனைவர் பட்டமும் பேராசிரியர் பதவியும் வாங்கிய ஒருவனுக்கு வாழ்நாள் முழுவதும் வாயில் வராத வாக்கியத்தை, அந்த அம்மாள் நாய்ச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

3

நண்டு ஓடு ஒரு அடுக்ககம் போல. கைட்டின் என்ற நார்தான் அதில் கம்பி. நார்களைப் பாய் பாயாக அடுக்கி, ஒவ்வொரு பாயையும் கொஞ்சம் திருப்பி வைத்து, நடுவில் சுண்ணாம்பை நிரப்பியிருக்கிறது நண்டு. கம்பியும் கான்கிரீட்டும் சேர்ந்ததால்தான் அத்தனை மெல்லிய ஓடு கல்லடியைத் தாங்குகிறது. எங்கள் ஆராய்ச்சி இதுதான்: கம்பி கோணாமல் கான்கிரீட்டை மட்டும் கரைத்து எடுத்துவிட வேண்டும். பிறகு அந்தக் கம்பிக்கூட்டுக்குள் நாமே வேறு கனிமத்தை வளர்க்க வேண்டும். கூடு எப்படியோ கனிமமும் அப்படியே இறுகும். நண்டு கட்டிய வீட்டில் நாம் குடியேறுவது என்று என் பேராசிரியர் வேடிக்கையாகச் சொல்வார்.

அவருடைய வேடிக்கை முதல் நாளோடு முடிந்தது. உக்கடம் மீன் மார்க்கெட்டிலிருந்து நான் வாங்கிவந்த ஓடுகள் ஆய்வகத்தில் கொதிக்க ஆரம்பித்ததும், மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதை வேற எங்கயாவது வெச்சுச் செய்யுங்க, தம்பி. டிகிரி இங்க குடுக்கறேன்" என்றார்.

வேறு எங்கே? நான் தங்கியிருந்தது சரசக்கா வீட்டில். மச்சான் அங்கேயே பின்னால் பம்ப் செட் பட்டறை வைத்திருந்தார். மாடியில் ஒரு பாதி எனக்கு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மறுபாதி வாடகைக்கு. நடுவில் தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டிக்குப் பின்னால்தான் என் ஆராய்ச்சி நிலையம்.

காரச் சோடாக் கரைசலில் ஓடுகளைக் கொதிக்கவிட வேண்டும். அதற்குப் பெரிய பாத்திரம் இல்லை. அக்கா குளிக்க வெந்நீர் காய்ச்சும் அலுமினியப் போசியை எடுத்தேன். காரச் சோடா அலுமினியத்தைத் தின்னும் என்பது பள்ளிக்கூடப் பாடம். நான் அப்போது முதுகலை முடித்திருந்தேன். போசியின் அடியிலிருந்து குமிழ் குமிழாக வந்தபோது ஓடுதான் வேலை செய்கிறது என்று மகிழ்ச்சியாகக் குறிப்பெடுத்தேன். மறுநாள் போசியின் அடி வழியாகச் சூரியன் தெரிந்தது.

அடுத்த கட்டம் இன்னும் விசேஷம். கனிமத்தைத் திரும்ப வளர்க்க அம்மோனியம் கார்பனேட் ஆவி தேவை. அதன் வாசனை எங்கள் பஸ் ஸ்டாண்டுகளின் பின்சுவரை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆக, அந்த மாடியில் முதலில் மீன் மார்க்கெட், பிறகு பஸ் ஸ்டாண்ட்.

4

புரட்டாசி சனிக்கிழமை. எங்கள் வீடுகளில் அந்த மாதம் முட்டை வாடைகூட ஆகாது. அக்கா பெருமாள் படத்துக்கு மணியடித்துக்கொண்டிருந்தாள். பாதியில் மணி நின்றது. மணியைக் கையில் பிடித்தபடியே மாடியேறி வந்தாள்.

நான் அதற்குள் போசியை என் கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தேன். உடைந்த ஓடுகளை என்ன செய்வது? காக்காய்கள் வேறு தொட்டிமேல் கூட்டம் போட்டிருந்தன. பக்கத்து வாசலில் ஒரு குப்பைக் கூடை இருந்தது. போட்டுவிட்டேன். அப்போது ஒன்றும் யோசிக்கவில்லை என்று எழுதத்தான் கை போகிறது. யோசித்தேன். இந்தக் கூடையில் கிடந்தால் கேள்வி என்னிடம் வராது என்று யோசித்துத்தான் போட்டேன்.

ஞானமணி அரசு பஸ்ஸில் கண்டக்டர், வால்பாறை வண்டி. ரோஸ்லின் நர்ஸ். இரண்டு பேருமே வால்பாறைத் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பிறந்து, படித்து இறங்கி வந்தவர்கள். ரோஸ்லின் வேலை பார்த்த மருத்துவமனையின் டாக்டர் சொன்னதால் அக்கா வீடு கொடுத்திருந்தாள். "நாங்க அதெல்லாம் பாக்கறதில்லீங்க" என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்வாள். ஆனால் அவர்களுக்குத் தனிக் குழாய். வாடகையை வாசற்படியில் நின்றுதான் வாங்குவாள்.

கூடையைப் பார்த்தாள். மணி ஒரு முறை தானாகவே அடித்தது.

"ஏனம்மணி, இதென்ன?"

"எங்களுது இல்லீங்க்கா. நாங்க நண்டே வாங்கறதில்லீங்க" என்றாள் ரோஸ்லின்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். நானும் அந்தப் பதிலைச் சொன்னேன். கையில் புத்தகம் இருந்தது என்று நினைக்கிறேன்.

மாதம் முடிவதற்குள் அவர்கள் காலி செய்தார்கள். அந்தக் காலியான வீட்டில் என் சோதனை அருமையாக முடிந்தது. கண்ணாடி போல் தெளிந்த ஓட்டுக்குள் புதுச் சுண்ணாம்பு அடுக்கடுக்காக இறங்கியிருந்தது. அதைக் காட்டித்தான் ஜெர்மனிக்கு வந்தேன்.

பின்னாளில் மாணவர்களுக்குப் பாடம் நடத்தும்போதெல்லாம் ஒரு வாக்கியம் சொல்வேன்: கனிமத்துக்குச் சொந்த வடிவம் கிடையாது, கூடு கொடுக்கும் வடிவம்தான். சொல்லும்போது அக்கா வீட்டு மாடி நினைவுக்கு வரும். தனிக் குழாயும் வாசற்படி வாடகையுமாக அங்கே ஒரு கூடு முன்பே தயாராக இருந்தது. நான் ஊற்றியது ஒரு பொய். அது இறுகிவிட்டது.

5

என் மகள் மலருக்கு இந்தக் கதையைப் போனில் சொன்னேன். அவள் இங்கேயே பிறந்தவள், தெற்கே வேறு ஊரில் இருக்கிறாள். என் மனைவி இருந்தவரை வீட்டில் தமிழ்தான். ஆனால் எங்கள் இரண்டு பேரிடமிருந்து மட்டும் கற்றதால் மலருக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் மரியாதைத் தமிழ். நாயிடம்கூட "உக்காருங்க" என்பாள். அவள் மகனுக்கு அந்தத் தமிழும் இல்லை. என்னைப் பார்த்தால் கைகுலுக்குவான். வருத்தம்தான், அதை இன்னொரு நாள் படலாம்.

"அந்த அம்மாகிட்ட சொல்லியாச்சுங்களா, அப்பா?"

"இல்லை."

"ஏனுங்க?"

"அவங்க எங்க இருக்காங்கன்னு தெரியலை" என்றேன். "கேட்டீங்களா?" என்றாள். பள்ளிக்கூடத்தில் இவர்களுக்குக் கற்றுத்தருவது இதுதான். மறுநாள் அவள் எடுத்த விமான டிக்கெட் வந்துவிட்டது.

விசா இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைய விடும் என் அட்டையைப் புதுப்பிக்கத் தூதரகத்துக்குப் போனேன். பழைய போட்டோவில் அடர்ந்த முடியோடு ஒருவன். "இது நீங்கதானா?" என்று சாளரத்தில் இருந்த பெண் கேட்டாள். நான்தான் என்று நிரூபிக்க மூன்று சாளரம் ஏறி இறங்கினேன். அந்த வாரத்தில் நான் நிரூபிக்க விரும்பாத விஷயம் அது ஒன்றுதான்.

6

ஓய்வுபெற்ற கண்டக்டர்கள் ஒருவரையொருவர் தொலைப்பதில்லை. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஞானமணி என்று சொன்னதும், "விசில் ஞானமணிங்களா? பெருந்துறைல ஊடு கட்டிக்கிட்டு இருக்கறாருங்க" என்று விவரம் வந்துவிட்டது.

பெருந்துறையில் சிப்காட்டுக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மாடி வீடு. ஆடிக் காற்றில் கேட் தானாகவே ஆடிக்கொண்டிருந்தது. வெள்ளை மீசையோடு ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"யாருங்க?"

"கணபதிங்க. சரசக்கா தம்பி, குமாரசாமி. மாடியில…"

அவர் முகத்தில் மெதுவாக வெளிச்சம் பரவியது. "அட, நண்டுத் தம்பிங்களா! ரோசு, இங்க வா! நண்டுத் தம்பி வந்திருக்கறாரு!"

விமானத்தில் வரும் வழியெல்லாம் நான் ஒரு உரை தயாரித்திருந்தேன். "உங்களுக்குத் தெரியாத ஒரு உண்மையை" என்று அது தொடங்கும். அதை அங்கேயே செருப்போடு வாசலில் விட்டுவிட்டேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"என்னங்க இது. நாங்க திங்கலீன்னு எங்களுக்குத் தெரியுமல்லங்க? மாடியில இருந்தது மூணு பேரு. மிச்சம் நீங்கதானே? டிக்கெட் கணக்கைவிடச் சுலுவுங்க." ஞானமணி சிரித்தார். "அதுலயும் எனக்கு நண்டு ஆகாதுங்க. ஒரு கால் தின்னாப் போதும், மூஞ்சி பூசணிக்கா ஆயிரும். கல்யாணத்துக்கு முந்தி ஒருக்கா தெரியாமத் தின்னுபோட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். ஊசி போட்டது இவதான். அப்படித்தானுங்க பழக்கமே."

ரோஸ்லின் சிரிக்கவில்லை. நரைத்த கொண்டை, கண்ணாடி. காபி டம்ளரை என் முன் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அப்பவே அக்காகிட்ட அதைச் சொல்லியிருக்கலாமேங்க" என்றேன். இந்தக் கேள்வியின் லட்சணத்தை எழுதும்போதுதான் உணர்கிறேன்.

"சொன்னமுங்க. ஊசி போட்ட சீட்டையே கொண்டு போயிக் காட்டுனேன். உங்கக்கா வாங்கிப் பாக்கல. 'எந்தம்பி படிக்கற பையன், அவன் பொய் சொல்ல மாட்டான்'னாங்க. அவ்வளவுதான்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்புறம் ஊடு தேடுனோம். வயித்தைப் பாத்துட்டு, பேரைக் கேட்டுட்டு, 'எந்தப் பக்கம் நீங்க'ன்னு கேப்பாங்க. முன்ன எங்க இருந்தீங்கம்பாங்க. உங்கக்காகிட்ட விசாரிச்சுட்டு வந்து இல்லீன்னுருவாங்க. வேலைய விட்டுட்டு எங்கம்மா ஊட்டுக்கே போனேன். இவரு வண்டிலயே. ஒவ்வொரு வளைவுக்கும் வாந்தி."

"வண்டிய நிறுத்தி நிறுத்தி விசிலே தேஞ்சு போச்சுங்க" என்றார் ஞானமணி, கொஞ்சம் தணிந்த குரலில்.

பையன் எஸ்டேட் லைன் வீட்டில்தான் பிறந்தான். இப்போது நன்றாக இருக்கிறான். ரோஸ்லினுக்கு மறுபடி வேலை கிடைக்கப் பல வருடம் ஆனது.

நான் மன்னிப்புக் கேட்டேன். என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை, நீளமாக இருந்தது. பிறகு பையிலிருந்து ஒரு சிறு பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். அந்த முதல் நண்டின் ஓடு. என் கனிமம் இறங்கிய ஓடு. இத்தனை காலமும் என் மேசையில் இருந்தது. ரோஸ்லின் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கா?"

"ஆமாங்க."

"இது எதுக்குங்க ஆகும்?"

"உடைஞ்ச எலும்புக்குப் பதிலா வைக்கலாம்னு நினைச்சோமுங்க."

"வெச்சாங்களா?"

"இல்லீங்க. சாக்பீஸைவிடக் கொஞ்சம் பலம். நண்டு ஓட்டைவிடக் கொஞ்சம் கம்மி."

ஞானமணி அடக்க முடியாமல் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். ரோஸ்லின் பெட்டியை மூடி என் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க வந்தது சந்தோசமுங்க. ஆனா நீங்க பண்ணுனது எங்களுக்குத் தெரிஞ்சதுதான். எனக்கு வேண்டியது வேற. அன்னைக்கு நான் சொன்னது நெசம்னு உங்கக்கா சொல்லோணும். இங்க வந்து, இந்தச் சேர்ல உக்காந்து. முடியுங்களா?"

7

நான் கணபதிக்குத் திரும்பியபோது அக்கா போனில் இருந்தாள். மச்சான் போய்ச் சில வருடங்களாகின்றன. பட்டறையை வாடகைக்கு விட்டிருக்கிறாள். மாடி இப்போது காலி. வாசலில் 'வீடு வாடகைக்கு' என்று பலகை தொங்குகிறது.

"ஊடு இருக்குதுங்க… நீங்க எந்தப் பக்கமுங்க? அதில்லீங்க, சொந்த ஊரு?… சாப்பாடெல்லாம் எப்படீங்க?… தப்பா நினைக்காதீங்க. முந்தி ஒருக்கா ஒரு நர்ஸ் புள்ளைக்குக் குடுத்துப்போட்டுப் பட்ட பாடு இருக்குதே! பெருமாளுக்கு மணியடிக்கறேன், மேல நண்டு வேகுது…"

நான் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கதை இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஓய்வே பெறவில்லை.

அவள் போனை வைத்ததும் சொன்னேன். ஃப்ராவ் லெம்கே மாதிரி இரண்டு வாக்கியத்தில் சொல்ல நினைத்தேன். "அக்கா, அந்த நண்டு என்னுடையது. ஆராய்ச்சிக்காக நான்தான் வேகவைத்தேன்." அவள் வெறித்துப் பார்த்தாள். நான் பயந்துபோய் வாக்கியங்களைக் கூட்டிக்கொண்டே போனேன். தொட்டி, கூடை, காரச் சோடா, கட்டிலுக்கடியில் போசி.

"இரு இரு. எம் போசியையா?"

"ஆமாங்க்கா."

"அதுல ஓட்டை போட்டது நீயா? உங்க மச்சான் பட்டறைப் பையன்தான்னு நான் அன்னைக்குப் போட்ட சண்டைல அவன் வேலையவே விட்டுப் போயிட்டானேடா! எங்கண்ணாலத்துக்கு அடுத்த வருசம் வாங்குன போசிடா அது!"

"அக்கா, போசி இருக்கட்டும். ரோஸ்லின்…"

"போசி எப்படிடா இருக்கும், நீதான் தின்னுபோட்டயே!"

மத்தியானம் வரை போசிதான். சாப்பிடும்போது, சோற்றைப் பிசைந்தபடியே, அவளாகவே அடுத்ததற்கு வந்தாள்.

"ஊரெல்லாம் சொல்லிட்டனேடா. ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேருக்கும். சின்னமாமனாரு எழவுலகூடச் சொன்னேன்."

"அவங்க உன்னைத்தான் கேக்கறாங்க. பெருந்துறைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லணுமாம்."

"நானெதுக்குச் சொல்லோணும்? பொய் சொன்னது நீ."

"நம்புனது நீதானக்கா. அந்தப் பொண்ணு சீட்டைக் கையில வெச்சுக்கிட்டு நின்னுதாம். நீ வாங்கக்கூட இல்லையாம்."

அக்கா எழுந்து கை கழுவப் போய்விட்டாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. அன்று முழுவதும் வாசல் பலகையைக் கடக்கும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் போனாள். மறுநாள் விடிந்ததும் பட்டுப் புடவையில் வந்து நின்று, "வண்டிக்குச் சொல்லு" என்றாள்.

கையில் அந்தப் போசி. இத்தனை வருடமும் அவள் அதைத் தூக்கிப் போடவில்லை. அடியில் ஓட்டை இருந்தால் நல்லது என்று மண் போட்டுக் கறிவேப்பிலை வளர்த்திருக்கிறாள். செடியைப் பிடுங்கி வேறு தொட்டியில் வைத்துவிட்டு, போசியைக் கழுவி எடுத்து வந்திருந்தாள்.

"இது எதுக்குக்கா?"

"எனக்கும் நட்டம்னு அவளுக்குத் தெரியோணுமல்ல?"

8

ரோஸ்லின் வாசலுக்கு வந்தார். இரண்டு கிழவிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா செருப்பைக் கழற்றினாள். வாசற்படியில் ஒரு கணம் நின்றாள். ஊர்ப் பழக்கம் அவள் காலைப் பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு உள்ளே போய், காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தாள். போசியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இவன் பண்ணுன வேலை" என்று ஓட்டைகளை விரித்துக் காட்டினாள். ஞானமணி போசியை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். "நல்லவேளைங்க, நாங்க காலி பண்ணிட்டோம். இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தா மாடியவே ஓட்டை போட்டிருப்பாரு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் போசியைக் கீழே வைத்தார்.

அக்கா தரையைப் பார்த்துப் பேசினாள். "ரோசு, அன்னைக்கு நீ இல்லீன்னு சொன்னே. நெசத்தைத்தான் சொன்னே. நான் காதுல போட்டுக்கல. எங்க ஊட்டு ஆளு சொன்னா நெசம், நீ சொன்னாப் பொய்யின்னு மொதல்லயே வெச்சிருந்தேன். அது தப்பு."



"இதைத்தானுங்க கேட்டேன்" என்றார் ரோஸ்லின். "மன்னிச்சாச்சான்னு மட்டும் இப்பவே கேட்டுறாதீங்க."

"நான் எங்க அம்மணி கேட்டேன்?" என்றாள் அக்கா உடனே, நிமிர்ந்து.

முதலில் சிரித்தது ரோஸ்லின்தான். பிறகு ஞானமணி. அக்காவுக்குத் தான் என்ன வேடிக்கையாகச் சொன்னோம் என்று புரியவில்லை. அதனால் என்னை முறைத்தாள்.

காபி வந்தது. அக்கா டம்ளரைக் கையில் வாங்கிச் சுவரிலிருந்த இயேசு படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள். ஒரு வாய் குடித்தாள். "சக்கரை பத்தலை" என்றாள். ரோஸ்லின் எழுந்து போய் டப்பாவையே கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

கிளம்பும்போது ரோஸ்லின் கேட்டார்: "உங்க மேல் ஊடு காலியாத்தானுங்க இருக்குது?"

"ஆமா?"

"எங்க வால்பாறைப் புள்ள ஒண்ணு, ஜெனிபர்னு பேரு, கோயமுத்தூர்ல நர்ஸ் வேலைக்குச் சேர்ந்திருக்குது. நாலஞ்சு எடத்துல ஊடு கேட்டாச்சு. எந்தப் பக்கம்னு கேட்டுப்போட்டுக் கதவைச் சாத்தறாங்களாம்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் போசியைப் பார்த்தேன்.

"வரச் சொல்லு" என்றாள். கார் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்த பிறகு கண்ணாடியை இறக்கி, "தண்ணி அளவாப் பொழங்கோணும், சொல்லிப்போடு" என்றாள்.

9

நான் இங்கே திரும்பிவிட்டேன். ஃப்ராவ் லெம்கேயிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "இதற்கு இத்தனை வருடமா?" என்று மட்டும் கேட்டார். நாய்க்கு இப்போதெல்லாம் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் சமைக்கிறார். தாளில் உள்ளபடி.

போன வாரம், புரட்டாசி சனிக்கிழமை, நான் காலை ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டாள். அவளுக்கு அப்போது மத்தியானம். குரலில் மணியடித்து நின்ற வேகம் இருந்தது.

"மேல நாத்தம், தம்பி. கவிச்சு நாத்தம். பூசை பண்ணிக்கிட்டு இருக்கறேன், கொடலைப் பொரட்டுது."

எனக்குக் கத்தி கையில் நின்றுவிட்டது. ரோஸ்லின் என்ன நினைப்பார் என்பதுதான் முதலில் தோன்றியது.

"அக்கா, கொஞ்சம் பொறு…"

"நீ பொறு. மேல போனேன். ஏம்புள்ள இதென்னன்னு கேட்டேன். 'நானில்லீங்கம்மா, காலைலதான் டூட்டி முடிச்சு வந்தேன், ஒண்ணுமே சமைக்கல'ன்னா."

"அப்புறம்?"

"அப்புறமென்ன? அவ இல்லீன்னா இல்லதான். வந்துட்டேன்."

நான் கத்தியை மேசையில் வைத்தேன். கண்ணாடி அணிந்திருக்கவில்லை. அதனால்தான் ஜன்னல் மங்கலாகத் தெரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அக்கா…"

"அதான் உன்னக் கூப்புட்டேன்" என்றாள். "நெசத்தைச் சொல்லு. ஆடில வந்தப்ப தொட்டிக்குப் பொறத்தால எதையாச்சும் வெச்சுப்போட்டுப் போனயா?"

"இல்லைக்கா. சத்தியமா இல்லை."

"உம்" என்றாள். நம்பிய மாதிரித் தெரியவில்லை. "எதுக்கும் ஆளு வெச்சுப் பாத்துப்போட்டுச் சொல்றேன்."